பன்றித் தீவனத்தில் பூசண நச்சு: கலக்கும் பொடி காக்குமா? சோதித்து அறிவது எப்படி?

பன்றி வளர்ப்பில் ஆகும் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனமே சில சமயம் பன்றிக்குக் கேடாகவும் முடிகிறது. மழைக்காலத்தில் சரியாகக் காயாத மக்காச்சோளம், ஈரம் ஏறிய கடலைப் பிண்ணாக்கு, கட்டி தட்டிய தவிடு ஆகியவற்றில் பூசணம் எளிதில் பிடித்துவிடுகிறது. பூசணம் உண்டாக்கும் நச்சு பன்றியின் பசியைக் குறைக்கிறது, வளர்ச்சியைத் தடுக்கிறது, ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது, சினை பிடிப்பதையும் பாதிக்கிறது.

இதற்குப் பரிகாரமாகத் தீவனத்தில் கலக்கும் பொடிகள் பல பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. வியாபாரத்தில் இவற்றை 'டாக்சின் பைண்டர்' என்று சொல்கிறார்கள். நச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் என்பது இதன் கருத்து. 'நச்சை 90 சதம் பிடிக்கும்' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் போதும், வாங்கிக் கலந்துவிட்டுப் பலர் கவலையை விட்டுவிடுகின்றனர். அந்த 90 சதம் எந்த நச்சைக் கொண்டு அளக்கப்பட்டது? கண்ணாடிக் குவளையில் அளந்ததா, பன்றியின் உடலில் அளந்ததா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான், பொடிக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வருமா என்று சொல்ல முடியும்.

நச்சு ஒன்றல்ல, பல

பூசண நச்சு என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. பன்றி வளர்ப்போர் முக்கியமாக அறிந்திருக்க வேண்டியவை ஐந்து.

முதலாவது அஃப்ளாடாக்சின். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மாண்டன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூசணமே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்த ஆராய்ச்சியில்தான் இந்த நச்சு கண்டறியப்பட்டது. இது ஈரலைத் தாக்கும். வெப்ப நாடுகளில் கடலையிலும் மக்காச்சோளத்திலும் அதிகம் காணப்படுவது இதுவே.

இரண்டாவது டிஆக்சிநிவலினால். இதை 'வாந்தி நச்சு' என்றும் சொல்வர். எல்லாக் கால்நடைகளிலும் பன்றிக்கே இது அதிகம் ஒவ்வாது. தீவனத்தில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவிலேயே பன்றி தொட்டியை விட்டு விலகத் தொடங்கும். அளவு மிகுந்தால் வாந்தி எடுக்கும்.

மூன்றாவது சியரலினோன். இது பெண்மைச் சுரப்பு நீரைப் போல உடலில் வேலை செய்கிறது. பருவத்துக்கு வராத பெட்டைக் குட்டிகளின் பிறப்புறுப்பு சிவந்து வீங்கிச் சினைப்பருவம் வந்ததுபோல் தோன்றும். தாய்ப்பன்றிகள் சினை பிடிக்காமல் போவதுண்டு.

நான்காவது ஃபியூமோனிசின். 1988இல் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு அறுவடையான மக்காச்சோளத்தைத் தின்ற பன்றிகள் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறி மாண்டபோது இதன் கொடுமை வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஐந்தாவது ஆக்ராடாக்சின். இது சிறுநீரகத்தைக் கெடுப்பது. டென்மார்க்கில் 1928லேயே பூசணம் பிடித்த தானியத்தால் பன்றிகளுக்குச் சிறுநீரக நோய் வருவதைக் கண்டு எழுதி வைத்தனர். அதற்குக் காரணமான நச்சு 1965இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த ஐந்தும் வடிவத்திலும் குணத்திலும் வேறுபட்டவை. ஆகவே ஒன்றைப் பிடிக்கும் பொடி மற்றொன்றையும் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

களிமண் நச்சைப் பிடிப்பது எவ்வாறு?

பெரும்பாலான பொடிகளுக்கு மூலப்பொருள் பெண்டோனைட் போன்ற களிமண் வகைகள். இந்தக் களிமண் நுண்ணிய ஏடுகள் அடுக்கியதுபோல் அமைந்தது. அஃப்ளாடாக்சின் தட்டையான வடிவம் உடையதால், அந்த ஏடுகளின் இடையே நுழைந்து அங்குள்ள கால்சியம் போன்ற உப்புச் சத்துக்களுடன் ஒட்டிக்கொள்கிறது. களிமண் குடலில் செரிப்பதில்லை. எனவே தான் பிடித்த நச்சுடன் சாணத்தோடு வெளியேறிவிடுகிறது. நச்சு இரத்தத்தில் சேருவதில்லை.

வாந்தி நச்சுக்கு இந்த ஏற்ற வடிவம் இல்லை. அது நீரில் எளிதில் கரைந்து நிற்பது. களிமண் ஏட்டில் ஒட்டாமல் நழுவிப் போய்விடும்.

இந்த வேறுபாடு பன்றிகளிலேயே சோதித்து அறியப்பட்டது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில ஆராய்ச்சியாளர்கள் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அஃப்ளாடாக்சின் கலந்த தீவனத்தில் களிமண் வகையைச் சேர்ந்த அலுமினோ சிலிகேட்டை 0.5 சதமும் 2 சதமும் சேர்த்து, வளரும் ஆண் பன்றிகளுக்குக் கொடுத்தனர். 1989இல் வெளியான அந்த முடிவின்படி, களிமண் சேர்த்த பன்றிகள் நச்சின் கேட்டிலிருந்து பெரிதும் தப்பின. 1993இல் கனடாவில் இதே வகைப் பொருளை வாந்தி நச்சு கண்ட மக்காச்சோளத்துடன் பன்றிகளுக்குக் கொடுத்தபோது பலன் கிட்டவில்லை. களிமண் அதே வகை, கால்நடையும் அதே. நச்சு மாறியது, முடிவும் மாறியது.

முதற்கட்டம்: குவளைச் சோதனை

எந்தப் பொடியையும் முதலில் ஆய்வகத்தில் கண்ணாடிக் குவளையில் சோதிப்பது வழக்கம். நச்சு கரைந்த நீரில் பொடியைப் போட்டுக் கலக்கி, சிறிது நேரம் கழித்து நீரைப் பிரித்தெடுத்து, அதில் எவ்வளவு நச்சு மீதி இருக்கிறது என்று அளக்கிறார்கள். குறைந்த அளவு, பொடி பிடித்த அளவாகக் கொள்ளப்படும்.

இச்சோதனை மலிவானது, விரைவில் முடிவது. பயனற்ற பொடிகளை முதலிலேயே கழித்துவிட உதவும். ஆனால் இதில் ஏமாறுவதற்கும் இடம் உண்டு. அதற்குக் காரணங்கள் மூன்று.

ஒன்று, பொடியின் அளவு. ஒரு லிட்டர் நீரில் சிறிதளவு நச்சும் 100 கிராம் களிமண்ணும் போட்டால் எந்த மண்ணும் நன்றாகப் பிடிப்பதுபோலத் தோன்றும். தீவனத்தில் கலப்பதோ டன்னுக்கு ஓரிரு கிலோ, அதாவது கிலோவுக்கு ஓரிரு கிராம்தான். ஐரோப்பாவில் பெண்டோனைட்டுக்கு விதித்த சோதனையில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் அஃப்ளாடாக்சினும் 0.02 சதம் களிமண்ணும்தான் உண்டு. அதிலும் 90 சதத்துக்கு மேல் பிடித்தால்தான் தேறும். இரண்டு சோதனையிலும் '90 சதம்' என்றே எழுதலாம், இரண்டும் சமமாகா.

இரண்டு, புளிப்பு நிலை. பன்றியின் இரைப்பை கடும் அமிலம் உடையது. சிறுகுடலில் அமிலம் ஏறக்குறைய இல்லை. இரைப்பையில் பிடித்த நச்சைக் குடலில் விட்டுவிடும் பொடியால் பயன் இல்லை. நச்சு இரத்தத்தில் ஏறுவது குடலில்தானே! எனவே இரண்டு நிலையிலும் சோதிப்பதுடன், பிடித்த நச்சை மீண்டும் விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்று, கூட்டத்தில் போட்டி. குவளையில் நச்சும் பொடியும் மட்டுமே இருக்கின்றன. குடலில் மாவு, புரதம், கொழுப்பு, பித்தநீர் எல்லாம் இருக்கின்றன. இவையும் பொடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். நச்சுக்கு இடம் குறைந்துவிடும்.

இரண்டாம் கட்டம்: செயற்கைக் குடல்

இக்குறையை ஓரளவு நீக்க, இரைப்பையும் சிறுகுடலும் செய்யும் வேலையை அப்படியே செய்யும் இயந்திரங்களை ஆராய்ச்சியாளர்கள் அமைத்துள்ளனர். உடல் வெப்பத்தில், உரிய நேரத்தில் அமிலமும் செரிமான நீர்களும் சேர, தீவனம் மெல்ல மெல்ல நகர்ந்து செல்லும்.

பன்றியின் குடலைப் போல் அமைத்த இத்தகைய இயந்திரத்தைக் கொண்டு இத்தாலிய விஞ்ஞானிகள் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. வாந்தி நச்சைப் பிடிக்குமா என்று முதலில் 14 பொருள்களைச் சோதித்தனர். அவற்றுள் குறிப்பிடத்தக்க அளவு பிடித்தது கிளர்வூட்டிய கரி ஒன்றே. கரி சேர்க்காத தீவனத்திலிருந்து 51 சதம் நச்சு உடலில் சேரும் நிலைக்கு வந்தது; கரி சேர்த்தபோது அது 28 சதமாகக் குறைந்தது. பதினான்கில் சிறந்ததுகூட நச்சை முழுவதும் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தவிர, கரி நச்சை மட்டும் பிடிப்பதில்லை. வைட்டமின் போன்ற சத்துக்களையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்பதால் தினசரித் தீவனத்துக்கு அது ஏற்றதாகக் கருதப்படுவதில்லை.

மூன்றாம் கட்டம்: பன்றியே சாட்சி

இறுதித் தீர்ப்பைப் பன்றிதான் சொல்ல வேண்டும். இச்சோதனையைச் சரியாகச் செய்யப் பன்றிகளை நான்கு பிரிவாகப் பிரிக்க வேண்டும்.

முதல் பிரிவுக்கு நச்சற்ற நல்ல தீவனம். இரண்டாம் பிரிவுக்கு நல்ல தீவனத்துடன் பொடி. மூன்றாம் பிரிவுக்கு நச்சுத் தீவனம். நான்காம் பிரிவுக்கு நச்சுத் தீவனத்துடன் பொடி.

செலவைக் குறைக்கப் பலர் இரண்டாம் பிரிவை விட்டுவிடுகின்றனர். அதை விட்டால் என்ன கேடு என்பதை ஓர் உதாரணக் கணக்கால் அறியலாம். குட்டி ஒன்றின் தினசரி எடை ஏற்றம் முதல் பிரிவில் 500 கிராம், மூன்றாம் பிரிவில் 420 கிராம், நான்காம் பிரிவில் 460 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நச்சால் இழந்தது 80 கிராம். பொடியால் மீண்டது 40 கிராம். 'பாதி நச்சைப் பொடி தடுத்தது' என்று சொல்லத் தோன்றும்.

இப்போது இரண்டாம் பிரிவையும் சேர்த்துப் பார்ப்போம். அங்கே எடை ஏற்றம் 540 கிராம் என்று இருந்தால், நச்சே இல்லாத இடத்திலும் பொடி அதே 40 கிராமைக் கூட்டியிருக்கிறது. அப்படியானால் பொடி நச்சைத் தடுத்ததாகச் சொல்ல முடியாது. அதில் கலந்துள்ள ஈஸ்ட், வைட்டமின் போன்ற ஏதோ ஒன்று பொதுவாக வளர்ச்சிக்கு உதவியிருக்கலாம். மாறாக, இரண்டாம் பிரிவில் 500 கிராமே இருந்து, நான்காம் பிரிவில் 480 கிராம் கிடைத்தால், இழந்த 80 கிராமில் 60 கிராம், அதாவது முக்கால் பங்கு, பொடியால் மீண்டது என்று துணிந்து சொல்லலாம். இரண்டாம் பிரிவில் எடை குறைந்தாலோ, பொடியே சத்துக்களைத் தடுக்கிறது என்று எச்சரிக்கை கிடைக்கும்.

நான்கு பிரிவு வைத்தாலும் வேறு சில கவனங்கள் தேவை. ஓர் ஈற்றுக் குட்டிகளை ஒரே பிரிவில் சேர்க்காமல் எல்லாப் பிரிவுக்கும் பகிர வேண்டும். தொடக்க எடையும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு ஒரே தடுப்பு போதாது; பல தடுப்புகள் வேண்டும். இல்லையேல் ஒரு தடுப்பில் வந்த கழிச்சல் நோய்கூட நச்சின் பலனாகத் தோன்றிவிடும். தீவனத்தில் உள்ள நச்சின் அளவை ஊகிக்காமல் அளந்தே எழுத வேண்டும்.

எடை மட்டும் போதாது

எடை ஏறுவதற்கும் குறைவதற்கும் காரணங்கள் பல. ஆகவே நச்சு உடலுக்குள் போனதா இல்லையா என்பதற்கு நேரடி அடையாளங்களைத் தேடுகிறார்கள். சியரலினோனுக்கு இரத்தத்திலும் சிறுநீரிலும் அந்த நச்சும் அதன் மாறிய வடிவங்களும் அளக்கப்படுகின்றன. ஆக்ராடாக்சின் பன்றியின் இரத்தத்தில் பல நாள் தங்குவதால் இரத்தத்திலும் சிறுநீரகத்திலும் தேடப்படுகிறது. ஃபியூமோனிசின் இரத்தத்தில் அதிகம் சேராது; ஆனால் உடலில் உள்ள ஸ்பிங்கனின், ஸ்பிங்கோசின் என்னும் இரண்டு கொழுப்புப் பொருள்களின் விகிதத்தை அது குலைத்துவிடும். அந்த விகிதம் சீராக இருந்தால் பொடி வேலை செய்தது என்று பொருள்.

நச்சைப் பிடிக்காமல், அதை உடைத்துக் கேடற்றதாக்கும் பொருள்களும் இப்போது உள்ளன. மாட்டின் முதல் இரைப்பையிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்று வாந்தி நச்சின் வீரியமான பகுதியை மாற்றிவிடுகிறது. ஃபியூமோனிசினை வெட்டும் நொதி ஒன்றும் உண்டு. பன்றித் தீவனத்தில் முதலாவதை 2013இலும் இரண்டாவதை 2014இலும் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. களிமண் தோற்ற இடத்தில் இவை பலன் தந்ததால்தான் அனுமதி பெற்றன.

ஐரோப்பிய விதிகள் சொல்லும் பாடம்

2009இல் ஐரோப்பிய ஒன்றியம் இப்பொருள்களைத் தனி வகையாகப் பிரித்தது. 2010இல் அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அமைப்பு, குவளைச் சோதனை மட்டும் போதாது, கால்நடைகளிலேயே குறைந்தது மூன்று ஆய்வுகளில் பலன் காட்ட வேண்டும் என்று வழி வகுத்தது. நச்சுக்கு நச்சு தனியாகவும், கால்நடைக்குக் கால்நடை தனியாகவும் நிரூபிக்க வேண்டும். 2013இல் பெண்டோனைட்டுக்கு அனுமதி கிடைத்தது அஃப்ளாடாக்சினுக்கு மட்டுமே.

இன்னொரு நிபந்தனையும் கவனிக்கத்தக்கது. அனுமதித்த அளவுக்கு மேல் நச்சு உள்ள தீவனத்தை, பொடி கலந்து நல்ல தீவனமாகக் காட்டக் கூடாது. பொடி ஒரு கூடுதல் காவல். கெட்டதை நல்லதாக்கும் மந்திரம் அல்ல.

பொடியாலும் கேடு வரலாம்

களிமண் தானே, என்ன கெடுதல் என்று நினைக்கக் கூடாது. 1997இல் அமெரிக்காவில் சோயாப் பிண்ணாக்கு கட்டி தட்டாமல் இருக்கக் கலந்த ஒருவகைக் களிமண்ணில் டையாக்சின் என்னும் கொடிய நச்சு இருந்தது. கோழிகளிலும் கெளுத்தி மீன்களிலும் அது சேர்ந்ததைக் கண்டு சுரங்கத்து மண்ணையே நிறுத்த வேண்டியதாயிற்று. எனவே பொடியின் தூய்மைக்கும் சான்று வேண்டும்.

களிமண் சில மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். டைலோசின் போன்ற மருந்து வகையைத் தீவனத்தில் கொடுக்கும்போது பெண்டோனைட்டைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய அனுமதியிலேயே எச்சரிக்கை உள்ளது. பன்றிக்கு மருந்து கொடுக்கும் நாளில், தீவனத்தில் எந்தப் பொடி கலந்துள்ளது என்று கால்நடை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

விற்பனையாளரிடம் ஐந்து கேள்விகள் கேட்டால் போதும். எந்த நச்சுக்குச் சோதித்தது? குவளையிலா, பன்றியிலா? சோதனையில் கலந்த அளவும் மூட்டையில் பரிந்துரைக்கும் அளவும் ஒன்றா? நல்ல தீவனத்துடன் பொடி மட்டும் கொடுத்த பிரிவு சோதனையில் இருந்ததா? தூய்மைச் சான்று உண்டா? கோழியில் செய்த சோதனையைப் பன்றிக்குக் காட்டினாலும், அஃப்ளாடாக்சின் சோதனையை எல்லா நச்சுக்கும் காட்டினாலும் ஏற்க வேண்டியதில்லை.

அதற்கு முன், தம் தீவனத்தில் என்ன நச்சு இருக்கிறது என்று அறிந்துகொள்வது அவசியம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவன ஆய்வகம் போன்ற இடங்களுக்கு மாதிரி அனுப்பலாம். மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. நச்சு மூட்டை முழுவதும் பரவி இராது. அங்கங்கே திட்டாக இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் முடிவு தவறாகும். பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்து, அரைத்து, நன்கு கலந்து, அதிலிருந்து அனுப்ப வேண்டும்.

பண்ணையாளர் தாமே ஒரு சிறு சோதனையும் செய்து பார்க்கலாம். ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சம எடையில் இரண்டாகப் பிரித்து, தினமும் போடும் அதே தீவனத்தை ஒரு பாதிக்குப் பொடியுடனும் மறு பாதிக்குப் பொடியின்றியும் கொடுத்து, தின்ற தீவனத்தையும் ஏறிய எடையையும் குறித்து வர வேண்டும். இரண்டு மூன்று ஈற்றுகளில் இதைத் திரும்பச் செய்தால், பொடிக்கான செலவு வரவாகிறதா என்று தெரியும். நச்சைத் தடுத்ததா என்று இதிலிருந்து சொல்ல முடியாது. இச்சோதனைக்காகப் பூசணம் பிடித்த தீவனத்தை வேண்டுமென்றே கொடுக்கக் கூடாது.

காயவைப்பதே முதல் மருந்து

சமையல் கழிவுகளையும் தானியத்தையும் வேகவைத்துப் போட்டால் நச்சு போய்விடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. இது தவறு. வேகவைத்தால் பூசணம் சாகும். அஃப்ளாடாக்சின் கொதிநீரில் அழிவதில்லை. பூசணம் வராமல் தடுக்கப் புரோப்பியோனிக் அமிலம் கலப்பதும் இப்படியே. இனி வளராமல் தடுக்குமே தவிர, முன்பே உண்டான நச்சை அகற்றாது.

மக்காச்சோளத்தை ஈரம் 12 சதத்துக்கு மேல் இல்லாதபடி காயவைத்துச் சேமிக்க வேண்டும். உடைந்த மணிகளையும் தூசியையும் சலித்து நீக்க வேண்டும். நச்சு அவற்றில்தான் அதிகம். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். பழைய தீவனம் தீர்ந்த பிறகே புதியதைத் தொட்டியில் கொட்ட வேண்டும். பூசணம் கண்ட பிண்ணாக்கைத் தாய்ப்பன்றிக்கும் குட்டிக்கும் ஒருபோதும் போடக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு, ஆய்வகம் காட்டிய நச்சுக்கு ஏற்ற பொடியை, பன்றியில் சோதித்துத் தேறியதாகப் பார்த்து வாங்கினால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. காயவைக்காத தானியத்தில் கலக்கும் பொடிக்குச் செலவிடும் பணத்தை முதலில் களத்துக்கும் தார்ப்பாய்க்கும் செலவிடுவதே பன்றி வளர்ப்போருக்கு இலாபம்.